ரொக்கோட்டோ நடுவரின் வாய்

என் வாய்க்குள் யாரோ எனக்குத் தெரியாமல் லேஸ் பின்னியிருந்தார்கள்.

காலையில் பல் விளக்கும்போது சுரீர் என்றது. கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று வரிவரியாக, குறுக்கும் நெடுக்குமாக ஏதோ வேலைப்பாடு. நடுவில் அங்கங்கே சிவப்பு. பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டேன். டொமித்திலா கையில் கரண்டியோடு வந்தாள். அவள் எங்கே போனாலும் கரண்டியோடுதான் போவாள்.

"ஆ காட்டுங்க."

காட்டினேன். கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கிப் பார்த்தாள்.

"ஐயையோ, சிலந்தி கூடு கட்டியிருக்குங்க."

"விளையாடாதே டொமித்திலா, எரியுது!"

"பின்ன? எந்நேரமும் திறந்தே கெடக்கிற எடத்துல கூடு கட்டாம என்ன பண்ணும்?"

ஏற்கெனவே ஒரு மாதமாக மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அரிப்பு. ஊதா நிறத்தில், தட்டையாக, பளபளவென்று சின்னச் சின்னக் கொப்புளங்கள். எங்கள் நாயிடமிருந்து தெள்ளுப்பூச்சி ஏறிவிட்டது என்று டொமித்திலா தீர்ப்புச் சொல்லி, நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். நாய் பளபளவென்று ஆகிவிட்டது. எனக்கு அரிப்பு போகவில்லை. சொறிந்த இடத்திலெல்லாம் கோடு போட்ட மாதிரி புதிதாக முளைத்தது.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்கு முந்தின நாள் ரொக்கோட்டோவைக் கடித்தபோது என் உயிர் போய்த் திரும்பி வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் நிக்கானோர். பெரு நாட்டில் அரெக்கிப்பாக்காரன். எங்கள் ஊரில் ரொக்கோட்டோ என்பது மிளகாய் இல்லை, மானம். ஆப்பிள் மாதிரி உருண்டையாக, சிவப்பாக இருக்கும். உள்ளே கறுப்பு விதை. கறியும் வேர்க்கடலையும் அடைத்து, மேலே பாலாடைக்கட்டி போட்டுச் சுட்டு வைத்தால், வெளியூர்க்காரன் ஒரு வாய் தின்றுவிட்டு அழுவான். உள்ளூர்க்காரன் அழக் கூடாது. ரொக்கோட்டோ எரிகிறது என்று ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொன்னால், அப்புறம் அவன் மிஸ்தி மலைக்கு அந்தப் பக்கம் குடிபோக வேண்டியதுதான்.

போதாததற்கு, எங்கள் வீட்டின் முன்பாதி காரச் சாப்பாட்டுக் கடை. என் மாமியார் வழியில் டொமித்திலாவுக்கு வந்தது. அம்மியில் அரைப்பது அவள். அடுப்பில் நிற்பது அவள். கல்லாவில் உட்காருவதும் அவள். அரைத்த விழுதை ரொட்டியில் தொட்டு நாக்கில் வைத்து, "இன்னைக்குக் காரம் சரி" என்று சொல்வது நான். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் அதுதான்.

அந்த உத்தியோகத்தின் மகிமையால் ஊர்த் திருவிழா ரொக்கோட்டோ போட்டிக்கும் நான்தான் தலைமை நடுவர். மேடையில் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி. பக்கத்தில் பேண்டு வாத்தியம். வருஷத்தில் அந்த ஒரு நாள் டொமித்திலா கீழே நிற்பாள், நான் மேலே இருப்பேன். அந்த நாற்காலிக்கு நாலு பேர் நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். என் வாய் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை வெளியே போனால் நாற்காலி போச்சு.

அதனால் டாக்டரிடம் போவதையே ரகசியமாக வைத்துக்கொண்டோம்.

தோல் டாக்டர் சின்னப் பெண். ஹசிந்தா என்று பெயர். மணிக்கட்டைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், கன்னத்துக்குள்ளிருந்து துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். மறுபடி போனபோது சொன்னாள்.

"ஐயா, இது லைக்கன் பிளானஸ்."

எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று சாதாரண வியாதிகள்தான்.

"ஒட்டிக்குமா டாக்டர்?" என்றாள் டொமித்திலா.

"ஒட்டாதும்மா. உங்களுக்கு வராது, நாய்க்கும் வராது. உடம்போட காவல்காரன் ஆள் தெரியாம சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிறான், அவ்வளவுதான். தோல்ல இருக்கிறது ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல தானா அடங்கிடும். அரிப்புக்குக் களிம்பு தர்றேன். சொறியக் கூடாது. வாயில இருக்கிறது கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும்."

"இவரு வாய்தானே? பிடிக்கும்."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். வாய்க்கு ஒரு பசை. ராத்திரி பல் விளக்கி, வாயை ஒற்றி எடுத்துவிட்டுத் தடவ வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. மென்மையான பிரஷ். புதினா இல்லாத பற்பசை. எலுமிச்சை வேண்டாம், சாராயம் வேண்டாம். ரொம்ப எரிந்தால் சாப்பிடுமுன் கொப்பளிக்க வாயை மரக்க வைக்கிற ஒரு மருந்து.

"அப்புறம் காரம். அறவே கூடாது."

"குறைச்சுக்கட்டுமா?"

"அறவே."

"ரொக்கோட்டோ காரத்துல சேருமா டாக்டர்?"

டாக்டரும் அரெக்கிப்பாக்காரிதான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தொப்பியைத் தேட ஆரம்பித்தேன்.

கிளம்பும்போது, "வாயில புண் ஆறாமயே கெடந்தா அலட்சியமா விட்டுடக் கூடாது, அபூர்வமா வேற ஏதாவதா மாறலாம். ஒழுங்கா வந்து காட்டிட்டே இருக்கணும்" என்று டாக்டர் டொமித்திலாவிடம் மெதுவாகச் சொன்னாள். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து என் தட்டில் உருளைக்கிழங்கு மசியல். பூசணிக்காய் மசியல். மறுபடி உருளைக்கிழங்கு. முன்பாதியில் ஊரே வியர்க்க விறுவிறுக்கச் சாப்பிடுகிறது. பின்பாதியில் வீட்டுக்காரன் கைக்குழந்தை சாப்பாடு சாப்பிடுகிறான். ராத்திரி பசை தடவினதும் டொமித்திலா ஆரம்பிப்பாள்.

"அரை மணி நேரம் பேசக் கூடாது."

"தின்னக் கூடாதுன்னுதானே..."

"ஸ்ஸ்! பசை கரைஞ்சிடும்."

அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் என் அக்காவைப் பற்றிப் பேசுவாள். கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவாள். கல்யாணத்தன்று நான் போட்டிருந்த கோட்டைப் பற்றிக்கூடப் பேசினாள். நான் மூக்கால் ஆட்சேபித்துக்கொண்டிருப்பேன்.

திருவிழா நெருங்கியது. எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் ஊரில் யாராவது காரணமில்லாமல் சிடுசிடுத்தால் மலைப்பனி பிடித்திருக்கிறது என்று மலைமேல் பழியைப் போட்டுவிடுவோம். எனக்குத் தினமும் மலைப்பனிதான். அந்தச் சமயத்தில்தான் அந்த மகத்தான யோசனை உதித்தது.

மரப்பு மருந்து! வாயே மரத்துப் போனால் எரிவது எப்படி? கொப்பளி, ரொக்கோட்டோவைத் தின்னு, மறுபடி கொப்பளி. நடுவர் நாற்காலி பத்திரம். நான் ஏன் டாக்டருக்குப் படிக்கவில்லை என்று எனக்கே வருத்தமாக இருந்தது.

இந்தத் திட்டத்தை ஒரே ஓர் ஆளிடம் சொன்னேன். பௌஸ்தீனோ. என் மகளுக்கு ஞானத்தகப்பன். திருவிழாக் கமிட்டித் தலைவன். எங்கள் கடையில் மத்தியானச் சாப்பாட்டை ஒருநாளும் தவறவிடாதவன்.

"மச்சான், சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"என் மீசை மேல சத்தியம்."

"டொமித்திலாகிட்டயும்?"

"தங்கச்சிகிட்ட நான் ஏன்டா சொல்றேன்? சொன்னா எனக்கும் மசியல் தட்டுதானே வரும்?"

மறுநாள் மத்தியானம். கடையில் கூட்டம் நெரிந்தது. டொமித்திலா அடுப்பையும் கல்லாவையும் ஒரே நேரத்தில் அதட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் போய்க் கொப்பளித்தேன். சாமான் அறையில் தட்டு மூடிய ஒரு ரொக்கோட்டோ தனியாக இருந்தது. என்னையே பார்த்தது. காம்படியில் கறுப்பாக ரெண்டு விதை ஒட்டியிருந்தது. அசல்தான். கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன்.

எரியவில்லை!

கறி தெரிந்தது. வேர்க்கடலை தெரிந்தது. பாலாடைக்கட்டியின் உப்புக்கூடத் தெரிந்தது. காரம் மட்டும் இல்லை. விதை பல்லில் கடிபட்டபோது லேசாகச் சுருக்கென்றது, அவ்வளவுதான். அடடா, என்ன மருந்து! ருசியை விட்டுவிட்டுக் காரத்தை மட்டும் பிடித்துக் கட்டிப்போடுகிறதே! முதலில் கொப்பளித்த நாட்களில் உதடே கழன்று விழுந்த மாதிரி இருக்கும், சூப் மோவாயில் வழியும். இப்போது அந்த மரப்புக்கூடத் தெரியவில்லை. என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் தினமும் இதே திருட்டுதான். தினமும் அதே இடத்தில் ஒரு ரொக்கோட்டோ இருந்தது. மிச்சமானதை எடுத்து வைக்கிறாள் போலிருக்கிறது, பாவம், கணக்குப் பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க, இப்பல்லாம் மசியலக் கொஞ்சமா சாப்பிடறீங்க?"

"நோயாளிக்குப் பசி ஏது, டொமித்திலா?"

"ஆமா. வத்திப் போயிட்டீங்க. பெல்ட்டுல புது ஓட்டை போடணும். வெளிப்பக்கமா."

திருவிழாவுக்கு முந்தின வாரம் டாக்டரிடம் போனோம். விளக்கடித்துப் பார்த்தாள்.

"பிரமாதம்! சிவப்பெல்லாம் ஆறிடுச்சு. வெள்ளை வரி மட்டும் இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும். கையிலயும் கொப்புளம் மங்கிட்டு வருது. பாத்தீங்களா, காரத்தை நிறுத்தினதோட பலன்!"

நான் உள்ளுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். தினம் ஒரு ரொக்கோட்டோ உள்ளே போகிறது, புண் ஆறுகிறது! ரொக்கோட்டோதான் மருந்து என்று டாக்டரிடமே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். டொமித்திலா முந்திக்கொண்டாள்.

"எல்லாம் அவரோட மனக்கட்டுப்பாடு டாக்டர்."

"அது சரி, டாக்டரம்மா. அந்தப் பசை போட்டப்புறம் அரை மணி நேரம் பேசாம இருக்கிறதுதான் கஷ்டமா இருக்கு" என்றேன்.

"பேசாமயா? பேசலாமே! யார் சொன்னா?"

நான் டொமித்திலாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த தோல் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருவிழா வந்தது. கோயில் மைதானத்தில் பேண்டு முழங்கியது. வைக்கோல் தொப்பி போட்ட சமையல்காரப் பெண்கள் மூடிய தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். நான் கோயில் சுவருக்குப் பின்னால் போய், கோட்டுப் பையிலிருந்த சின்னப் புட்டியை எடுத்து, ஆசை தீரக் கொப்பளித்தேன். மேடையேறினேன். சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கூட்டத்தின் முன்வரிசையில் டொமித்திலா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தலைமை நடுவர், நம்ம நிக்கானோர்!" என்று பௌஸ்தீனோ ஒலிபெருக்கியில் கத்தினான். கைதட்டல் காதைப் பிளந்தது.

முதல் தட்டு வந்தது. கடித்தேன். எரியவில்லை. ஆனால் எரிய வேண்டுமே! நடுவர் சும்மா தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். அதனால் கண்ணை இறுக்கி மூடினேன். மேஜையை ஓங்கிக் குத்தினேன். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டேன்.

"அம்மாடியோவ்! இதுவல்லவோ காரம்! உச்சந்தலை திறந்துக்கிச்சு!"

கூட்டம் ஆரவாரித்தது. எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. அடுத்த தட்டுக்கு நாக்கை வெளியே தொங்கப் போட்டேன். அதற்கடுத்த தட்டுக்கு எழுந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒருத்தியிடம் கண்டிப்பாகவும் இருந்தேன்.

"தாயே, கோவிச்சுக்காதீங்க. இதுல காரம் பத்தல. கைக்குழந்தைக்கு ஊட்டலாம்."

அந்த அம்மாள் சால்வை நுனியை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோற்ற வருத்தம், அழுகிறாள் என்று எனக்கு மனசு சங்கடப்பட்டது. பார்த்தால் கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பேண்டுக்காரன் ஒருவன் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். காரம் காற்றிலேயே பரவிவிட்டது, பாவம், தாங்காத ஜனங்கள் என்று நினைத்தேன்.

கடைசித் தட்டைத் தின்றுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். "இதுதான் நெருப்பு! பரிசு இதுக்குத்தான்!" என்றேன்.

பௌஸ்தீனோ ஒலிபெருக்கியை எடுத்து வேறு யாரோ ஒரு பெயரைச் சொன்னான். வேறு யாரோ ஓர் அம்மாள் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"என்னடா மச்சான், நான் சொன்னது வேறல்ல?"

"கமிட்டி மார்க்கெல்லாம் கூட்டிப் பாத்தோம் மச்சான். ஆனா உன்ன மாதிரி நடுவர் உலகத்துலயே கெடையாது!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தான். அவன் உடம்பு ஏன் அப்படி ஆடியது என்று அப்போது புரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். டொமித்திலா பசையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஆ காட்டுங்க."

"காட்றேன். நல்லாப் பாத்துக்கோ. இத்தனை தட்டு தின்ன வாய் இது. எங்கயாவது சிவந்திருக்கா?"

"இல்லீங்க. சுத்தமா இருக்கு."

"இரும்புடி! அரெக்கிப்பா இரும்பு! நீ மசியல் போட்ட காலமெல்லாம் நான் என்ன தின்னேன் தெரியுமா? தினம் உன் சாமான் அறையில புகுந்து..."

"குடமிளகா தின்னீங்க."

"என்னது?"

"சின்னச் சின்னதா, உருண்டையா சந்தையில பொறுக்கி எடுத்தேன். உங்களுக்காகத் தனியா தினம் ஒண்ணு. பௌஸ்தீனோ அண்ணன், நீங்க அவர்கிட்ட சொன்ன அன்னைக்கே வந்து எல்லாத்தையும் கொட்டிட்டாரு."

"பொய்! கறுப்பு விதை இருந்துச்சே, நான் பாத்தேனே!"

"பப்பாளி விதை. காய வெச்சு ஒட்டினேன். ரொக்கோட்டோ விதை தட்டையா இருக்கும், பப்பாளி விதை உருண்டையா இருக்கும். தலைமை நடுவருக்கு அதுகூடத் தெரியாதா?"

"அப்ப மரப்பு மருந்து? அதுதான காரத்தை..."

"அதை நீங்க மடக்கு மடக்கா கொப்பளிச்சா கன்னத்தக் கடிச்சுப் புண்ணாக்கிக்குவீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. அதைக் கீழ கொட்டிட்டு, புட்டியில ஆறின சாமந்திக் கஷாயம் வெச்சேன். உப்புப் போட்டு."

நான் நம்பவில்லை. நம்பினால் நான் என்ன ஆவது? நேரே சமையலறைக்குப் போனேன். அம்மி ஓரத்தில் நறுக்கி வைத்திருந்த அசல் ரொக்கோட்டோவில் நகக்கண் அளவு எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை நாய்தான் சொல்ல வேண்டும். நான் முற்றத்தைச் சுற்றி ஓடியபோது அதுவும் கூடவே ஓடியது. திரும்பி வந்தபோது டொமித்திலா கையில் குளிர்ந்த பால் டம்ளர் தயாராக இருந்தது. குடித்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவள் சமையல் துணியால் என் மோவாயைத் துடைத்துவிட்டாள். பார்த்தால் அவள் கண்ணிலும் தண்ணீர்.

"ஏன்டி, நீ ஏன் அழற? எரியறது எனக்கு."

"புண் ஆறாம விட்டா வேற ஏதாவதா மாறிடலாம்னு அந்தப் பொண்ணு சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வேண்டாங்கன்னு சொன்னா நீங்க கேப்பீங்களா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கீங்களா? திருடித்தான் தின்னுவீங்க. அதான், திருடறதையாவது உடம்புக்கு ஆகாததா இல்லாம பாத்துக்கிட்டேன்."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி ஒருத்தி வாய்க்க நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தேன். அந்த நெகிழ்ச்சியோடு நான் பேசாமல் படுக்கப் போயிருக்கலாம். போகவில்லை.

"சரி, மேடையில தின்னது மட்டும் அசல்தானே?"

"அந்தப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரும் உங்களுக்குன்னு ஒரு குடமிளகா தனியா செஞ்சாங்க. நான்தான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப... ஊருக்கே தெரியுமா?"

"பேண்டுக்காரங்களுக்கு மட்டும் தெரியாது. அவங்க வெளியூரு. அப்புறம் யாரோ சொல்லிட்டாங்க."

நான் நாற்காலியில் சரிந்தேன். இந்தத் தடவை நடிப்பில்லை. நாக்கைத் தொங்கப் போட்டது, நாற்காலியைச் சுற்றி வந்தது, அந்த அம்மாளுக்குப் புத்தி சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"அசல் ரொக்கோட்டோவை யாருடி ருசி பார்த்தது?"

"காலையிலயே கோயில் சமையக்கட்டுல வெச்சு நான் பாத்துட்டேன். பரிசு யாருக்குன்னு அப்பவே முடிவாயிடுச்சு."

"போச்சு! என் நாற்காலி போச்சு! அடுத்த வருஷம் எவன் உட்காரப் போறானோ!"

"யாரு சொன்னா? நீங்கதான் உட்காரணும்னு கமிட்டியில ஒரு மனசா தீர்மானம் போட்டுட்டாங்க" என்றாள் டொமித்திலா, பசையை விரலில் எடுத்துக்கொண்டே. "ருசி பாக்கறதுக்கு நான், மூஞ்சி காட்டறதுக்கு நீங்க."